முதலில் எதிர்ப்பக்கம்

மொன்றியலில், டொலார்ட் முருகன் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் அரவிந்த். சென்னையிலிருந்து படிக்க வந்து இங்கேயே வேலையும் எடுத்துக்கொண்டவர். ஏதோ ஒரு கூடைப்பந்து அணிக்கு, வீரர்களின் ஆட்டத்தைக் கணினியில் எண்களாக மாற்றிக் கொடுக்கிறாராம்.

“ஆன்ட்டி, நீங்க டிராஃப்ட் ரூம்லயே உக்காந்திருக்கீங்கன்னு அங்கிள் சொன்னாரு. அப்ப இந்த சாஃப்ட்வேர்லாம் கிடையாதுல்ல? எதை வச்சு ஆளை எடுத்தீங்க?”

“முதல் அந்தப் பெடியன்ரை குறையெல்லாத்தையும் சொல்லுவம். பேந்து எடுப்பம்,” என்றேன்.

அவர் சிரித்தார். பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பார். பின்னால் நின்ற என் கணவர், “இவ சொல்லுறது உண்மைதான் தம்பி. அதிலை இவவுக்குப் பெரிய பேர்,” என்றார். தட்டில் சோறு விழுந்ததும் கதை அறுந்து போனது. வீட்டுக்கு வந்த பிறகு எனக்குத்தான் மனம் ஆறவில்லை. எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். பெருமை அடிக்கிறாள் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். பெருமைப்பட விஷயம் இருக்கும்போது அடக்கமாக இருக்க எனக்கு வராது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லூரிப் படிப்பை முடிக்கும் கூடைப்பந்து வீரர்களைத் தொழில்முறை அணிகள் வருடத்துக்கு ஒருமுறை பங்கு போட்டுக்கொள்ளும் நாள்தான் டிராஃப்ட். ஒவ்வொரு அணியும் முறை வைத்து ஒரு பெயரைச் சொல்லும். சொன்ன பெயர் அந்த அணிக்கு. பெயர் சொல்லப்படாதவர் வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான். தொலைக்காட்சியில் காட்டும் பெரிய லீக் அல்ல எங்களுடையது. எட்டு அணிகள் கொண்ட சின்ன லீக். மொன்றியல் அணியின் அலுவலகம் சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியத்துக்கு மேல் மாடியில் இருந்தது. எங்கள் டிராஃப்டுக்கு மேடையும் இல்லை, வெளிச்சமும் இல்லை. எட்டு நகரங்களில் எட்டு அறைகள், எல்லாவற்றையும் இணைக்கும் ஒரு தொலைபேசி, அவ்வளவுதான். ஆனால் பெயர் சொல்லப்படுகிறதா இல்லையா என்று காத்திருக்கும் பிள்ளைக்கு அதுதான் உலகம்.

அந்த அறைக்குள் நான் போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலை ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தேன். வலைப்பந்து விளையாடியும் விளையாட வைத்தும் வளர்ந்தவள். அகதியாக இங்கே வந்து டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் துப்புரவு வேலை செய்தேன். வேலை முடிந்து பிரெஞ்சு வகுப்பு. அங்கே படிப்பித்த ஆசிரியைதான், கூடைப்பந்து அணியொன்றில் வீடியோ நாடாக்களை வெட்டி ஒழுங்குபடுத்த ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லி அனுப்பினார். போனேன், எடுத்தார்கள்.

நாடா அறையில் எனக்கு ஒரே ஆத்திரம். கமரா எப்போதும் பந்துக்குப் பின்னாலேயே ஓடும். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தால் ஓட முடியாது, தட்டிக்கொண்டு போகவும் முடியாது. ஆகவே பந்து கைக்கு வரும் முன்பே அடுத்தது யாருக்கு என்று தெரிந்திருக்க வேண்டும். பந்து இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எங்கள் விளையாட்டே இருக்கிறது. அதைக் காட்டாத நாடாவை வெட்டி என்ன, ஒட்டி என்ன என்று ஒருநாள் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் உரக்கப் புறுபுறுத்துக்கொண்டிருந்தேன். கதவருகே ஒருவர் நின்றுவிட்டார்.

“அப்படியானால் மைதானத்துக்கு வந்து உட்காருங்கள், மதாம்,” என்றார்.

அவர்தான் மொசியே லூசியான். அணிக்கு வீரர் தெரிவு செய்யும் பகுதியின் தலைவர். நெடிய மெலிந்த மனிதர். கோடையில்கூடக் கழுத்தில் ஒரு சால்வை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிடிக்காத எதையாவது சொல்லிவிட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கும் நேரம் நீள நீள, சொன்னதை நாமே திரும்ப யோசிக்கத் தொடங்கிவிடுவோம். ஆட்டம் பார்க்கும்போது சட்டைப்பையிலிருந்து கிளெமென்டைன் தோடம்பழம் ஒன்றை எடுத்துத் தோல் அறுந்து போகாமல் ஒரே சுருளாக உரிப்பார். உரித்து முடியும்வரை பக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது.

வீரர்களைப் போய்ப் பார்த்துவரும் ஆட்களில் ஒருத்தியாக என்னை எடுத்தார். ஆங்கிலத்தில் ஸ்கவுட் என்பார்கள். இதைக் கேட்ட எங்கள் சொந்தக்காரர்கள், இந்த வயதில் காக்கி உடுப்புப் போட்டுக்கொண்டு கூடாரம் அடிக்கப் போகிறாளா என்று கேட்டார்கள். அவர்களுக்கு விளங்கப்படுத்துவதை ஒரு கட்டத்தில் நான் விட்டுவிட்டேன்.

அவரிடம் வேலை செய்வதற்குச் சில விதிகள் இருந்தன. ஆட்டத்தின் முதல் பாதியில் பந்தைப் பார்க்கக் கூடாது. அது எனக்குப் புதிதில்லை. அறிக்கையில் ‘நல்ல’ என்ற சொல் வரக் கூடாது. நல்ல கை, நல்ல உயரம், நல்ல ஆட்டம் என்று எழுதினால் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவார். “நல்ல என்பது நீங்கள் பார்ப்பதை நிறுத்திய இடம், மதாம்,” என்பார். நான் அதை வேதமாக எடுத்துக்கொண்டேன். வேலைக்கு வெளியேகூட அந்தச் சொல் என் வாயில் வருவது குறைந்துவிட்டது. கறி எப்படி என்று கேட்டால் உப்பு அளவாக இருக்கிறது என்றுதான் சொல்வேன் என்று கணவர் இன்றைக்கும் குறைப்படுவார்.

மூன்றாவது விதிதான் பெரியது. டிராஃப்டுக்கு முதல்நாள் எல்லோரும் பலகை முன் கூடுவோம். வெள்ளைப் பலகையில் காந்தப் பட்டிகளில் பெயர்கள் ஒட்டியிருக்கும். யார் ஒரு வீரரைக் கொண்டுவந்தாரோ அவரே எழுந்து, முதலில் அந்த வீரருக்கு எதிராகப் பேச வேண்டும். அதைக் கேட்ட பிறகும் மொசியே லூசியானுக்கு ஆர்வம் இருந்தால் மட்டும் ஆதரவாகப் பேச விடுவார். ஆர்வம் போய்விட்டால் பட்டியைப் பலகையின் அடிவரிசைக்கு இறக்கிவிடுவார். அந்த வரிசைக்கு நாங்கள் வைத்த பெயர் பேஸ்மென்ட். அங்கே போனவர் திரும்பி மேலே ஏறி நான் பார்த்ததில்லை. பட்டிகளை அவரைத் தவிர யாரும் தொடுவதுமில்லை.

என்னோடு வேலை செய்த டெரெக் முன்பு விளையாட்டு வீரராக இருந்தவர். ஆறடிக்கு மேல் உயரம், நல்ல மனம். பார்த்தீர்களா, வேலையை விட்ட பிறகு எனக்கும் அந்தச் சொல் வருகிறது. டெரெக் தன் ஆளுக்கு எதிராகப் பேசுவது, கலியாணத் தரகர் மாப்பிள்ளையின் குறையைச் சொல்வது மாதிரி இருக்கும். “இவன் அளவுக்கு மிஞ்சிப் பயிற்சி செய்கிறான். சில நேரம் தன்னைப் பற்றி நினைப்பதே இல்லை.” இப்படித்தான் போகும்.

நான் சொல்லவந்த வருடம், புது நூற்றாண்டு பிறந்து கொஞ்சக் காலம். அதுவரை மற்றவர்கள் கொண்டுவந்த ஆட்களைப் பற்றிக் கருத்து மட்டும் சொல்லி வந்தேன். அந்த வருடம் முதன்முறையாக என் சொந்தத் தெரிவு ஒருவரைப் பலகையில் ஏற்றும்படி மொசியே லூசியான் சொன்னார். “எடுபடாவிட்டால் நாடா அறை அப்படியேதான் இருக்கிறது, மதாம்,” என்றும் சொன்னார். மிரட்டல் இல்லை, தகவல்.

நான் ஏற்றிய பெயர் வில்னேர். மொன்றியலில் வளர்ந்த ஹெயிட்டிக் குடும்பத்துப் பிள்ளை. கிழக்கே ஒரு சின்னக் கல்லூரியில் விளையாடினான். தோற்றுக்கொண்டே இருந்த அணி. அவனைப் பார்க்க வேறு எந்த ஸ்கவுட்டும் அந்தப் பனிக்குள் போகவில்லை. நான் ஒரு குளிர்காலம் முழுக்கப் போனேன். பந்து கைக்கு வருமுன் அவன் கண் ஒருமுறை சுற்றிவரும். தன் முதுகுக்குப் பின்னால் யார் எங்கே நிற்கிறான் என்று தெரியும். வலைப்பந்துக்காரியின் கண்ணுக்கு அது போதும்.

கோடை விடுமுறையில் அவன் டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றும் வேலை செய்தான். கடைசியாக அவனைச் சந்தித்தபோது, அந்த வேலையை நிரந்தரமாகத் தருகிறார்களாம், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம் என்றான். டிராஃப்ட் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. பெயர் வராவிட்டால் பந்தை விட்டுவிட்டுக் கையெழுத்து வைப்பதாக அம்மாவுக்குச் சொல்லியிருந்தான். அம்மாவுக்குக் கார்டெறி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை, தனியாக அவனை வளர்த்தவர்.

“வெள்ளிக்கிழமை லீவு போடட்டுமா, மதாம்?” என்று கேட்டான்.

எந்த வாக்குறுதியும் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் சட்டம். “அது உன் விருப்பம்,” என்றேன். அவன் முகம் வாடியதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

வியாழக்கிழமை கூட்டம். என் முறை வந்தது. எழுந்து நின்றேன். இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பாடசாலையில் நான் விவாத அணியிலும் இருந்தவள். எங்கள் பக்கத்தில் விவாதப் போட்டி என்றால் விளையாட்டுப் போட்டியை விடக் கூட்டம் வரும். எனக்கு எப்போதும் எதிர்ப்பக்கம்தான் தருவார்கள். எழுந்து நின்று, எதிர்த்துப் பேசு என்று ஒருவர் சொன்னால் எனக்குள் ஏதோ ஒன்று முறுக்கிக்கொள்ளும். ஒன்றையும் மிச்சம் விடமாட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, அன்று நான் பேசியதுதான் பேச்சு. இடது கையால் பந்தை வளையத்துக்குள் போடத் தெரியாது. வயது இருபத்துநான்கு, மற்றவர்களை விட மூப்பு. கல்லூரி இரண்டு மாறியவன். அணி தோற்கும்போது பந்தை விடாமல் தன் கையிலேயே வைத்துக்கொள்வான். நடுவரோடு வாய்காட்டுவான். கணுக்காலில் பழைய அடி, அதை மறைத்து ஓடுவான். ஒவ்வொன்றுக்கும் எந்த ஆட்டம், யாரோடு, என்ன நடந்தது என்று ஆதாரம். குரல் ஏறி இறங்கி, கை நீட்டி, தொகுத்து முடித்து, நன்றி சொல்லாத குறைதான். டெரெக் மெல்ல விசிலடித்தார்.

மொசியே லூசியான் எழுந்தார். வில்னேரின் பட்டியை உருவிப் பேஸ்மென்டுக்கு இறக்கினார்.

“மொசியே, என் ஆதரவுப் பக்கம்?” என்றேன்.

“தேவைப்படவில்லை, மதாம். மெர்சி,” என்றார். அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்றவர்கள் எல்லோரும் தங்கள் ஆளைக் கூட்டிக்கொண்டு வாசல்வரை வந்திருக்கிறார்கள். நான் மட்டும் என் ஆளை வாசலில் வைத்து அடித்து விழுத்திவிட்டேன்.

வீட்டில் கணவர் தேத்தண்ணி வைத்துத் தந்துவிட்டு முழுக்கதையும் கேட்டார்.

“ஏன் அவ்வளவு கதைச்சனீர்?”

“எதிராய்க் கதைக்கச் சொன்னவர். கதைச்சன்.”

“டெரெக் மாதிரிக் கொஞ்சம் பூசி மெழுகியிருக்கலாமே.”

“பொய் சொல்லச் சொல்லுறியளோ?”

“இஞ்சேரும், உமக்கு எதிர்ப்பக்கம் குடுத்தால் முருகனையும் கோயிலுக்கு வெளியிலை நிப்பாட்டிப் போடுவீர்,” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைக் கண்டுவிட்டுக் குரலைத் தணித்தார். “அவர் கேக்கேல்லை எண்டால் என்ன? நீர் கேளும். நாளைக்கு அந்த அறையிலை இருப்பீர்தானே?”

“விதி அப்பிடி இல்லை.”

“விதியை விடும். அந்தப் பெடியன் திங்கட்கிழமை கையெழுத்து வைக்கப் போறான்.”

ஓம் என்று மட்டும் சொன்னேன். உட்கார்ந்து ஆதரவுப் பேச்சொன்றை மனதுக்குள் கட்டினேன். முன்னுரை, மூன்று காரணம், முடிவுரை. குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று வாய்விட்டும் சொல்லிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அறைக்கு முதல் ஆளாகப் போனேன். பலகை முன்னால் நின்றேன். வில்னேர் என்ற பட்டி அடியில், சூடாக்கிக்குப் பக்கத்தில் கிடந்தது. கையை நீட்டி மேலே ஏற்றிவிட ஒரு நொடி போதும். ஆனால் கள்ளமாக ஏற்றி ஒரு பிள்ளையை உள்ளே கொண்டுவந்தால், நாளைக்கு அவன் கள்ளமாக வந்தவன் ஆகிவிடுவான். கையை எடுத்துவிட்டேன். கேட்பதென்றால் வாயால் கேட்போம் என்று என் கதிரையில் உட்கார்ந்தேன்.

மேசை நடுவில் ஸ்பீக்கர் ஃபோன். லீக் அலுவலகத்துப் பெண் ஒவ்வொரு அணியாக அழைப்பார். அழைத்ததும் மூன்று நிமிடத்துக்குள் பெயர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முறை போய்விடும். முதல் சுற்றில் நாங்கள் நினைத்த ஆள் கிடைத்தான். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதே கடைசிச் சுற்று. அதற்கு டெரெக்கின் ஆள் ஒருவன் பலகையில் தயாராக நின்றான். எங்களுக்கு முன்னால் இருந்த அணி வாய் திறந்து அவன் பெயரையே சொல்லிவிட்டது.

டெரெக் மேசையில் குத்தினார். ஃபோனில் அந்தப் பெண் குரல், “மொன்றியல், உங்கள் முறை,” என்றது. டெரெக் பலகையில் அடுத்திருந்த நெட்டையன் ஒருவனின் பெயரைச் சொல்லத் தொடங்கினார்.

“மொசியே, வில்னேருக்காக நான் பேச வேண்டும்,” என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். “கௌரி, அவனைப் புதைத்ததே நீங்கள்தானே,” என்றார் டெரெக். கோபமாக இல்லை, உண்மையிலேயே விளங்காமல் கேட்டார்.

மொசியே லூசியான் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். சுவரில் நேரம் ஓடியது. “ஒரு நிமிடம், மதாம்,” என்றார்.

எழுந்தேன். முன்னுரை, மூன்று காரணம், முடிவுரை எல்லாம் எங்கே போனதோ தெரியாது. பேச்சுப் போட்டியில் பரிசெடுத்த வாய் ஒட்டிக்கொண்டது. கடைசியில் மூன்று வசனம்தான் வந்தது.

“நேற்று நான் சொன்னது எல்லாம் உண்மை. ஒன்றையும் மாற்றமாட்டேன். இவ்வளவும் இருந்தும் எனக்கு இவன்தான் வேண்டும்.”

உட்கார்ந்துவிட்டேன். மொசியே லூசியான் பலகைக்குப் போகவில்லை. நேரே ஃபோனின் மேல் குனிந்து வில்னேரின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். அந்தப் பெண் திருப்பிச் சொன்னார். முடிந்தது.

ஏன் என்று டெரெக் கேட்டதற்கு, “மற்றவர்களின் ஆட்களைப் பற்றி எனக்கு நிறைகள் மட்டும்தான் தெரியும். இவன் குறையெல்லாம் தெரியும், இனி இவனில் எனக்கு ஆச்சரியம் எதுவும் வராது,” என்றார். பிறகு பையிலிருந்து கிளெமென்டைன் எடுத்து உரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினார். என்னுடைய பட்டமளிப்பு விழா அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தெரிவான வீரருக்கு அவரைக் கொண்டுவந்த ஸ்கவுட் தொலைபேசியில் சொல்வது வழக்கம். வில்னேர் எடுக்கவில்லை. கார்டெறிக்கு அடித்தேன். பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே அவன் அம்மாவின் குரல் வந்தது. லீவு போடாமல் வேலைக்குப் போய்விட்டான், நான்கு மணிக்குத்தான் வெளியே வருவான் என்றார். என்ன செய்தி என்று அவரும் கேட்கவில்லை, முதலில் அவனுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. “நீங்களே போய்ச் சொல்லுங்கள், மதாம்,” என்றார்.

காரை எடுத்துக்கொண்டு டோர்வலுக்குப் போனேன். வேலையாட்கள் வெளியே வரும் அந்த வாசல் எனக்குத் தெரியாததா? கையில் துப்புரவு மருந்து மணக்க மணக்க எத்தனை மாலை அந்த வாசலால் வந்து பஸ்ஸுக்கு நின்றிருப்பேன். அதே இடத்தில் நின்றேன். மஞ்சள் சட்டையோடு வந்தவன் என்னைக் கண்டதும் நின்றுவிட்டான்.

“எங்கே?” என்று மட்டும் கேட்டான்.

“இங்கேதான். மொன்றியல்.”

அவன் அந்த நடைபாதை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டான். முகத்தைச் சட்டையில் புதைத்துக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, ஏன் மறைக்க வேண்டும். பிறகு நிமிர்ந்து, “லீவு போட்டிருக்கலாம்,” என்றான்.

பயிற்சி முகாமிலேயே அவனை அணியிலிருந்து வெட்டிவிடுவார்கள் என்று அலுவலகத்தில் பாதிப்பேர் நினைத்தார்கள். வெட்டவில்லை. இடது கை கடைசிவரை வரவில்லை. நடுவரோடு வாய்காட்டுவதும் நிற்கவில்லை. அதோடுதான் ஏழு பருவம் விளையாடினான், பின்பாதியில் அணித்தலைவனாகவும் இருந்தான். அந்த டிராஃப்டில் மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்டவர்களில் அத்தனை காலம் நின்றவன் வேறு யாருமில்லை. நாடா அறைப் பக்கம் பிறகு நான் போனதே, பழைய குடை ஒன்றை எடுத்துவரத்தான்.

அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் நான் ஓய்வு பெற்றேன். சென்ட் லோரன்டில் ஒரு சின்ன மண்டபத்தில் பிரிவுபசாரம் வைத்தார்கள். மட்டன் றோல் முழுக்க என் பொறுப்பு. எனக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்த மொசியே லூசியான் சால்வையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வில்னேர் அப்போது துணைப் பயிற்சியாளர். தாயையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். மைக்கை வாங்கி, “எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. முதலில் எதிர்ப்பக்கம்,” என்றான்.

எனக்குப் பக்கென்றது. அந்த வியாழக்கிழமையைப் பற்றி நான் அவனுக்கு வாய் திறந்ததே இல்லை. மொசியே லூசியானைப் பார்த்தேன். அவர் மும்முரமாகத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

“இவர் நெடுஞ்சாலையில் கார் ஓட்டினால் பின்னால் வருகிறவர்கள் ஓய்வு பெறும் வயதுக்கு வந்துவிடுவார்கள். தொலைபேசியில் ம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார், சரியா பிழையா என்று நாங்கள் நாள் முழுக்க யோசிக்க வேண்டும். வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னாலும் தட்டில் இன்னும் ஒன்று வைப்பார். எல்லாவற்றையும் விட, நான் ஏழு பருவம் விளையாடினேன். நன்றாக விளையாடினாய் என்று இவர் ஒருநாளும், ஒரே ஒருநாளும், எனக்குச் சொன்னதில்லை.”

மண்டபம் சிரித்து ஓய்ந்தது. என் கணவர், “பெடியன் ஆதாரத்தோடை கதைக்கிறான்,” என்று காதுக்குள் சொன்னார். வில்னேர் சிரிக்கவில்லை.

“நான் சொன்னது எல்லாம் உண்மை. ஒன்றையும் மாற்றமாட்டேன். இவ்வளவும் இருந்தும் எனக்கு இவர்தான் வேண்டும்,” என்றான்.

எழுந்து மேடைக்குப் போனேன். மைக்கை என்னிடம் நீட்டினான். நான் அதை வாங்கவில்லை. அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் குனிய வைத்து, அத்தனை வருடம் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன்.

“நல்லாய் விளையாடினாய், ராசா.”

தமிழில்தான் சொன்னேன். அவன் என்ன மொழி என்று கேட்கவில்லை. முன்வரிசையில் மொசியே லூசியான் கண்ணாடியைக் கழற்றி, வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.